கையெட்டும் தூரத்துச் சக்கரம்

சக்கரத்தின் வரலாறு என்றால் மரம் போய் இரும்பு வந்தது, இரும்பின் மேல் ரப்பர் ஏறியது, வலியது வந்ததும் நலிந்தது ஒதுங்கியது என்றுதான் எழுதிப் பழகியிருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாயையும் இடுக்கியின் கிழக்கு எல்லையையும் வைத்துப் பார்த்தால் இந்த வரிசை சரிப்பட்டு வருவதில்லை. இங்கே பழையது வெகுகாலம் நிலைத்திருக்கிறது; ஊரே வியந்து பார்த்த புதியது ஆறே ஆண்டில் மறைந்திருக்கிறது. காரணம், சக்கரத்துக்கு உறுப்பு தேர்ந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி வேறு. இது எவ்வளவு சுமை தாங்கும் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. வழியில் ஒடிந்தால் யார் மாற்றுவார், எதைக் கொண்டு மாற்றுவார் என்பதே முதல் கேள்வி. மாட்டு வண்டிச் சக்கரத்திலிருந்து சைக்கிள் சக்கரம்வரை இந்த ஒரு அளவுகோல்தான் உறுப்புகளைத் தீர்மானித்தது என்பது என் வாதம்.

நிலத்தைப் பார்த்தாலே பாதி விளங்கும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், கோவிந்தாபுரம் எனக் கணவாயின் கிழக்கு வாசல்கள் எல்லாம் சமதளத்தில் இருப்பவை. பொள்ளாச்சியில் பூட்டிய வண்டி மாட்டை அவிழ்க்காமலே சித்தூர் போய்ச் சேரலாம். கொங்கு நாட்டுக் கொடுமணலையும் மேலைக் கடற்கரை முசிறியையும் இணைத்த பழைய வணிக வழி இதுவே. தெற்கே போனால் கதை மாறுகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் பார்த்தால் இடுக்கி ஒரு சுவர். அங்கே பொதி மாடும் தலைச்சுமையும்தான் ஏறின. சக்கரம் ஏறியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தோட்டக்காரர்கள் வந்த பிறகு. ஒருபுறம் ஈராயிரம் ஆண்டு வண்டித்தடம், மறுபுறம் நேற்று வெட்டிய பாதை. ஒரு கருத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பழைய சான்றை முதலில் எடுத்துக்கொள்வோம். புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகரின் வண்டியோடு சேர்த்துப் பேசுகிறார். மேடும் பள்ளமும் தாண்டும்போது என்ன நேருமோ என்று அந்த வணிகர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்திருப்பார்களாம். அந்த அச்சைப் போன்றவன் நீ என்பது பாராட்டு. உவமையின் அழகு ஒருபக்கம் இருக்கட்டும். ஒடியாத அச்சைத் தேடுவதைவிட, ஒடிந்தால் மாற்றக்கூடிய அச்சை உடன் கொண்டுபோவதே அறிவு என்று அன்றைய வண்டிக்காரர்கள் முடிவெடுத்திருந்தார்கள். அரசிளங்குமரனைப் புகழக்கூடிய அளவுக்கு அந்த முடிவு ஊரறிந்ததாகவும் இருந்திருக்கிறது.

சக்கரத்தை இப்போது கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். நடுவில் குடம். குடத்தில் துளையிட்டுச் செருகிய ஆரக்கால்கள். கால்களின் வெளிமுனையில் வட்டைத் துண்டுகள். பெரும்பாலும் துண்டுக்கு இரண்டு கால் வீதம் ஆறு துண்டும் பன்னிரண்டு காலும். எல்லாவற்றையும் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டா. அச்சின் நுனியில் சக்கரம் கழலாமல் காக்கும் கடையாணி. ஒவ்வொன்றின் வேலையும் வேறு. பன்னிரண்டு துளை விழுந்த பிறகும் குடம் பிளக்கக் கூடாது, ஆகவே இழை முறுக்கிக்கொண்ட கட்டை வேண்டும். ஆரக்கால் தன் தலைமேல் சுமையை நிறுத்திக்கொள்ளும் தூண், அதற்கு நேரிழை வேண்டும். வட்டை கல்லில் மோதி மோதி உருள்வது, அதிர்ச்சி தாங்க வேண்டும். இங்கிலாந்துத் தச்சர்கள் இந்த மூன்று வேலைக்கும் மூன்று மரம் வைத்திருந்தார்கள்: குடத்துக்கு எல்ம், காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ். நம் பக்கத்தில் கருவேலம் ஒன்றே மூன்றுக்கும் வந்தது. வேங்கையும் வாகையும் கிடைத்த இடத்தில் அவையும் சேர்ந்தன. அச்சுக்கு நமை, வெக்காலி என்றும் சொல்வார்கள். சின்னாறு, மறையூர் பக்கத்து மழைமறைவுக் காடுகளில் இன்றும் நிற்கும் மரம் அது. ஆங்கிலேயரும் அதற்கு அச்சு மரம் என்றே பெயர் வைத்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்லாவற்றுக்கும் கருவேலம்தான் என்றால் அதில் தேர்வு எங்கே இருக்கிறது, கையில் கிடைத்ததை வெட்டிச் செருகினார்கள் என்றுதானே பொருள்? அப்படிச் சொல்பவர்கள் மரத்தின் பெயரைப் பார்க்கிறார்கள், மரத்தைப் பார்க்கவில்லை. கருவேலம் நேராக வளர்வதில்லை. அடிமரம் குட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கும். கிளைகள் வளைந்து போகும். அந்த வளைவைக் கோணல் என்று தள்ளாமல், வளைந்த கிளையை வட்டைக்கு எடுத்தால் இழை அறுபடாமல் வட்டத்தோடு சேர்ந்து ஓடும். நேர்ப்பலகையிலிருந்து வளைவாக அறுத்தெடுத்த துண்டில் இழை குறுக்கே வெட்டுப்பட்டு முனை உதிரும். குடத்துக்கு அடிமரத்தின் வைரம், காலுக்கு முடிச்சில்லாத நேர்ப்பகுதி. மூன்று மரத்தில் செய்யவேண்டிய தேர்வை ஒரே மரத்துக்குள் செய்தார்கள். அதன் பயன் பாதையில் தெரிந்தது. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் கருவேலம் நிற்காத ஊர் வறண்ட கொங்குச் சீமையில் அரிது. ஒரு கால் ஒடிந்தால் அதற்கான மரமும் அதைச் செதுக்கும் ஆசாரியும் அடுத்த ஊரிலேயே இருந்தார்கள்.

இந்தச் சக்கரத்துக்குக் கணவாயில் ஒரு தனிச் சோதனை உண்டு: காற்று. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு வீசும். ஆனியில் மேற்கே இருந்து ஈரக்காற்றும் மழையும் அதே வழியில் திரும்பி வரும். மரம் ஒரு பருவத்தில் சுருங்கும், மறு பருவத்தில் ஊதும். ஈரத்துக்கும் வறட்சிக்கும் இரும்புப் பட்டா சுருங்குவதுமில்லை, ஊதுவதுமில்லை. கோடை முற்றும்போது மூட்டுகள் ஆடும், பட்டா தளரும். அவசரத்துக்கு வண்டியைக் குளத்திலோ ஆற்றிலோ இறக்கிச் சக்கரத்தை நனைய விடுவார்கள். மரம் ஊதி மூட்டு இறுகும். அதற்கும் மிஞ்சினால் கொல்லரிடம் போக வேண்டும். அவர் பட்டாவைக் கழற்றி, சிறிது வெட்டி, மறுபடி வளையமாகப் பற்றவைத்து, விறகும் வரட்டியும் அடுக்கிய நெருப்பில் சிவக்கக் காய்ச்சுவார். நாலுபேர் குறட்டால் தூக்கித் தரையில் கிடத்திய சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்காரவைத்த கணமே குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். வட்டை கருகிப் புகையும். குளிர்ந்து சுருங்கும் இரும்பு ஆறு துண்டையும் பன்னிரண்டு காலையும் ஒரே இழுப்பில் குடத்தை நோக்கி நெருக்கும். மூட்டுகள் நெறுநெறுவென்று இறுகும் ஓசை கேட்கும். ஆணியோ பசையோ தர முடியாத இறுக்கம் அது. அதே நேரம், முழுக்கப் பிரித்துச் செப்பனிட்டுத் திரும்பச் சேர்க்கக்கூடிய இறுக்கமும் அதுவே.

வறுமைதான் இப்படி மரத்தோடு கட்டிப்போட்டது என்பது இன்னொரு மறுப்பு. பணம் இருந்திருந்தால் எப்போதோ இரும்புக்குப் போயிருப்பார்கள் என்பார்கள். அவர்கள் இரும்பை மறுக்கவே இல்லை என்பதுதான் பதில். 1862-இல் போத்தனூருக்கும் பட்டாம்பிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கி, கடற்கரையிலிருந்து வந்த பாதை கணவாயைக் கடந்தது. ரயில் வந்தால் வண்டி ஒழியும் என்று எதிர்பார்த்திருக்கலாம். நிலையத்துக்குச் சரக்கு கொண்டுவரவும் எடுத்துப்போகவும் வண்டிக்கு வேலை கூடியதுதான் மிச்சம். பட்டை இரும்பும் கம்பி இரும்பும் சந்தைக்கு வந்த பிறகு மர அச்சு இரும்பு அச்சாக மாறியது, குடத்தின் உள்வாயில் இரும்புப் பூண் ஏறியது. காலும் வட்டையும் மட்டும் மரமாகவே நின்றன. வளைந்த இரும்பு அச்சை ஊர்க் கொல்லர் உலையில் வைத்து நிமிர்த்திவிடுவார். வார்ப்பிரும்புச் சக்கரம் விண்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாங்கியவர்களாக இருந்தால் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து எடுத்திருக்க மாட்டார்கள்.

மலைக்கு வருவோம். ஜான் டேனியல் மன்றோ 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை உரிமையாகப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது. தேயிலை பெருகியதும் அதை மலையிலிருந்து இறக்குவது பெரும்பாடாகிவிட, 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன்வரை ஒற்றைத் தண்டவாளம் ஒன்றைப் போட்டார்கள். இயூவிங் முறை என்று பெயர். வண்டியின் எடையில் பெரும்பகுதி தண்டவாளத்தில் ஓடும் சிறு சக்கரங்களின் மேல் நிற்கும். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையின் மேல் உருண்டு வரும். இழுத்தவை மாடுகள். செலவைப் பார்த்தால் நல்ல யோசனைதான்: ஒரே தண்டவாளம், மலைச்சரிவில் அகலம் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வகைச் சக்கரம், இரண்டு வகைத் தளம், இரண்டும் ஒருசேர நல்ல நிலையில் இருந்தால்தான் வண்டி நகரும். 1908-இல் அதைக் கைவிட்டு இரண்டடி அகலப் பாதையும் என்ஜினும் கொண்டுவந்தார்கள். மலையாள ஆண்டு 1099-இன் பெருவெள்ளம், அதாவது 1924 ஜூலை வெள்ளம், அந்தப் பாதையையும் அடித்துக்கொண்டு போனது. பாதை திரும்பப் போடப்படவில்லை.

வெள்ளத்தை என் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பது நேர்மையாகாது. அந்த வெள்ளம் சாலைகளையும்தான் அழித்தது. நான் காட்ட விரும்புவது அந்தச் சங்கிலியின் கீழ்க்கண்ணியை. டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு அவற்றைச் சுமந்தது மாட்டு வண்டி. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்ததே 1928-இல். மேலே ஒற்றைத் தண்டவாளம் வந்து போனது, இரண்டடிப் பாதை வந்து போனது. கீழே கருவேலச் சக்கரம் அதே வேலையைத் தொடர்ந்து செய்தது. கம்பெனி தன் சொந்தப் பட்டறையையே மூணாறில் வைத்திருந்தது, அதனால் அயல்நாட்டு உறுப்புகளை வைத்துச் சமாளித்தது. பட்டறையை உடன் கொண்டுவர முடியாதவருக்கு வழியிலிருக்கும் ஊர்தான் பட்டறை.

ஆயினும் இந்த அளவுகோலுக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுத்தவை மாடுகள். மெல்லிய இரும்புப் பட்டா சாலையைக் கீறிப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளத்தில் மறுபடி வண்டியை இழுக்கும் மாட்டின் கழுத்துக் காய்க்கும், புண்படும். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி 1970-களில் இதைக் கையிலெடுத்து, நாட்டிலிருந்த ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வண்டிகளின் வடிவத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று பல்லாண்டு போராடினார். அவர் சொன்னது நியாயம். டயர் வண்டி அதே சுமையை மிகக் குறைந்த இழுவையில் நகர்த்தும். அது பரவத் தாமதித்ததற்கு விலையோடு பஞ்சரும் ஒரு காரணம். ஊருக்கு ஊர் பஞ்சர் கடை வந்த பிறகுதான் டயர் வண்டி ஊருக்கு ஊர் போனது. மாட்டின் துயரைக் குறைத்தது ரப்பர் என்றால், ரப்பரை ஊருக்குள் நிற்கவைத்தது அந்தச் சிறு கடை.

அந்தக் கடையை உண்டாக்கியது சைக்கிள். சைக்கிள் சக்கரம் வண்டிச் சக்கரத்தைத் தலைகீழாகப் போட்டது. ஆரக்கால் தள்ளித் தாங்குகிறது. போக்ஸ் கம்பி இழுத்துத் தாங்குகிறது. கம்பிகளைக் குடத்துக்குத் தொடுகோடாகப் பின்னும் முறையை ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் பதிவுசெய்தார். மிதிக்கும் விசை குடத்திலிருந்து ரிம்முக்கு முறுக்கில்லாமல் போக அது வழிசெய்தது. 1888-இல் டன்லப்பின் காற்று டயர் வந்தது. 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் சென்னைக்கருகே அம்பத்தூரில் சைக்கிள் செய்யலானபின் கணவாயின் இருபுறமும் கறுப்பு நிறக் கனத்த வண்டிகள் நிறைந்தன. 28-க்கு ஒன்றரை அங்குல டயர், முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பாரம் பின்னால் என்பதால் கம்பியும் பின்னால் அதிகம். தொழிற்சாலை எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டதே, இதில் கைத்தேர்வு எங்கே என்று கேட்கலாம். சக்கரம் மட்டும் தொழிற்சாலையோடு முடியவில்லை. பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றுகிறவர் ரிம்மை மாற்றும்போது தடித்த கம்பி கேட்டார். கடைக்காரர் குடத்துக்கும் ரிம்முக்கும் ஏற்ற நீளம் பார்த்துக் கோர்த்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, நிப்பிளைக் கால் திருகு, அரைத் திருகு என்று திருகிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். 28-க்கு ஒன்றரை வெகுகாலம் மாறாமல் நின்றதற்கும் அதுவே காரணம் என்று கருதுகிறேன். அதைவிட வேகமான அளவுகள் இருந்தன; எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைத்த அளவு இது.

இன்று போடிமெட்டு ஏற்றத்திலும் உடுமலை-மறையூர்ச் சாலையிலும் கியர் சைக்கிள்கள் மலை ஏறி இறங்குகின்றன. தனக்கென்று கையால் சக்கரம் கட்டிக்கொள்ள நினைப்பவர் முன் இப்போது நூறு தேர்வுகள் இருக்கின்றன. மலைமழையில் நனைந்த குரோம் இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்காது, ஆகவே பழைய ரிம் இங்கே உதவாது. நீண்ட இறக்கத்தில் ரிம் பிரேக் எழுப்பும் சூட்டில் கார்பன் ரிம் கெடலாம். அலுமினியமோ டிஸ்க் பிரேக்கோ தேவை. கம்பிகளைக் குறைத்தால் எடை குறையும், ஆனால் ஒன்று அறுந்தால் சக்கரம் உடனே கோணி சட்டத்தில் உரசும். 32 இருந்தால் அப்படியே வீடு வந்து சேரலாம். தலை வளையாத நேர்க்கம்பி பார்க்க அழகு, அதற்கு மாற்று நகரத்துக் கடையில்தான் கிடைக்கும். கழுத்து வளைந்த சாதாரணக் கம்பியைத் தேனியிலோ பொள்ளாச்சியிலோ தேடிப் பிடித்துவிடலாம். நிப்பிளிலும் இதே கணக்கு. அலுமினியத்தில் சில கிராம் மிச்சம், ஆனால் இடுக்கி மழையில் அது அரித்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை சாவி போட்டதும் முனை மழுங்கிவிடும். பித்தளை நிப்பிள் பல மழைக்காலம் கழித்தும் திரும்பும். பட்டியலில் மிக மலிவான உறுப்பு அது. முதலில் முடிவுசெய்ய வேண்டியதும் அதைத்தான்.