பஹ்ரோட் குகை: ஒரு நெருப்பு ஒதுங்கிய இடம்

காரைக்குடி வட்டாரத்தாருக்குக் குடைவரைகள் புதியவை அல்ல. பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் பாறையைக் குடைந்து அமைத்த பழங்கோயில்கள் உள்ளன. பிள்ளையார்பட்டியில் இறையுருவமே பாறையின் ஒரு பகுதி. அதைப் பெயர்த்து வேறிடம் கொண்டுசெல்ல இயலாது. இந்தியாவில் ஜரதுஷ்டிர சமயத்தாருக்குரியதாக அறியப்படும் ஒரே குகைக்கோயிலின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே போற்றப்பட்டது ஒரு நெருப்பு. அது வெளியிலிருந்து வந்தது. சில ஆண்டுகள் தங்கியது. பின்னர் வேறிடம் சென்றது. அதனை அம்மலைக்கு விரட்டியது ஒரு முஸ்லிம் சுல்தானின் படை என்பது பார்சிகளின் நினைவு. அக்குகையின் வரலாற்றை நாம் கற்க வேண்டியிருப்பதும் இதன் பொருட்டே.

பஹ்ரோட் மலை மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், தஹாணு வட்டத்தில், போர்டி என்னும் கடலோர ஊருக்கு அருகில் உள்ளது. குகைகள் சிற்ப வேலைப்பாடு அற்றவை. பௌத்தத் துறவிகளே அவற்றை முதலில் குடைந்தனர் எனக் கருதுவோர் உண்டு. குகைகளுக்கு வடக்கே, இன்று குஜராத்தைச் சேர்ந்த சஞ்சான் என்னும் பழந்துறைமுகம் இருந்தது. ஈரானிலிருந்து வந்த பார்சிகள் அங்கே குடியேறி, 'ஈரான்ஷா' எனப்படும் நெருப்பை நிறுவினர். அது அவர்களின் நெருப்புகளுள் மிக உயர்ந்த படியைச் சேர்ந்தது. பதினாறு வகை நெருப்புகளைத் தூய்மைப்படுத்தி ஒன்றுசேர்த்தே அத்தகைய நெருப்பு உண்டாக்கப்படும். அது அணையலாகாது, நாளொன்றுக்கு ஐந்து வேளை குருமார் அதற்கு விறகிட்டு ஓத வேண்டும். கொங்கணக் கரையின் மழைக்காலத்தை அறிந்தவர்கள், அந்நெருப்பைச் சுமந்து ஓடியவர்கள் ஏன் ஒரு குகையைத் தேடினர் என்பதை எளிதில் உணர்வர்.

இச்செய்திகளுக்கு முதன்மைச் சான்று 'கிஸ்ஸா-இ சஞ்சான்' என்னும் பாரசீகக் காவியம். நவ்சாரியைச் சேர்ந்த பஹ்மன் கைகோபாத் என்ற குரு 1599இல் இதை இயற்றினார். சுல்தான் மஹ்மூதின் ஆணைப்படி அலஃப் கான் என்னும் தளபதி சஞ்சான்மீது படையெடுத்தார் என்றும், அடைக்கலம் தந்த இந்து அரசருக்காக அர்தஷீர் என்பவரின் தலைமையில் 1400 பார்சிகள் போரிட்டனர் என்றும், முதலில் வென்ற அவர்கள் பின்னர் தோற்றனர் என்றும், அர்தஷீர் களத்தில் மாண்டார் என்றும் நூல் கூறுகிறது. எஞ்சியோர் நெருப்புடன் பஹ்ரோட் மலையேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கழித்தனர்.

அந்த மஹ்மூத் யார்? ஆய்வாளர்கள் இதில் உடன்படவில்லை. 1393ஆம் ஆண்டையே பார்சி மரபு பெரிதும் ஏற்கிறது. ஆனால் அவ்வாண்டில் குஜராத்தை ஆண்டவர் தில்லியின் ஆளுநரான ஸஃபர் கான். அலஃப் கான் என்ற பெயரோ, அலாவுத்தீன் கில்ஜியின் ஆளுநராகக் குஜராத்தில் இருந்த அல்ப் கானை நினைவூட்டுகிறது. அவர் காலம் மேலும் முந்தியது. பார்சி வரலாற்றறிஞர் ஹோடிவாலா, 1458 முதல் 1511 வரை ஆண்ட மஹ்மூத் பேகடாவே இவர் எனக் கொண்டு, படையெடுப்பை 1465 அளவில் வைத்தார். காவியம் சுல்தானைச் சாம்பானேருடன் இணைத்துப் பேசுவதால் பேகடாவே பொருத்தமானவர் என நமக்கும் தோன்றுகிறது. ஆயினும் அவர் சாம்பானேரை வென்றது 1484இல்தான். மூத்தோர் வாய்மொழியாகக் கேட்டதை நூறாண்டுகளுக்கும் பின்னர் ஒருவர் பாடும்போது பெயர்களும் காலங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிவது இயல்பு. இக்குழப்பத்தைக் காட்டிப் போரே நடக்கவில்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. நெருப்பு சஞ்சானைவிட்டு நீங்கியது. காரணமின்றி ஒரு சமூகம் தன் புனிதத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதில்லை. குர்ஆனின் ஸூரத்துல் ஹஜ் மஜூஸிகளைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. ஹஜர் பகுதி மஜூஸிகளிடம் நபி (ஸல்) அவர்கள் ஜிஸ்யா பெற்று அவர்களுக்குப் பாதுகாப்பளித்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. அந்த அளவுகோலை முன்வைத்தே அலஃப் கானின் செயலை நாம் மதிப்பிட வேண்டும்.

காவியம் சொல்லாத மற்றொரு சஞ்சானும் உண்டு. தஹாணுவுக்குத் தெற்கேயுள்ள சிஞ்சணியில் கிடைத்த இராஷ்டிரகூடச் செப்பேடு கி.பி. 926ஆம் ஆண்டினது. சஞ்சான் மண்டலத்தை அப்போது ஆண்டவர் 'தாஜிக' இனத்தவரான மதுமதி என்கிறது அது. மதுமதி என்பது முஹம்மத் என்ற பெயரின் வடமொழி வடிவம். இரு ஓடைகளில் கட்டணமில்லாப் படகுத்துறைகளையும், அரிசிச் சோறும் கறியும் நெய்யும் இலவசமாக அளிக்கும் அன்னசாலையையும் அவர் அமைத்தார். ஓர் அம்மன் மடத்துக்கு நிலக்கொடை கிடைத்ததும் அவர் ஆட்சியில்தான். அங்கே வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் இருந்ததை அரபுப் புவியியலாளர்கள் எழுதியுள்ளனர். 2002 முதல் 2004 வரை நடந்த அகழாய்வில் பார்சிகளின் தக்மா ஒன்றும், மேற்காசிய, சீன மட்கலங்களும் வெளிப்பட்டன.

சிஞ்சணியின் மற்றொரு செப்பேடு கி.பி. 1034ஆம் ஆண்டினது. சஞ்சான் நகரத்தாரைக் குறிப்பிடும்போது அது 'ஹஞ்ஜமான' என்றொரு குழுவைக் கூறுகிறது. அவை எனப் பொருள்படும் 'அஞ்சுமன்' என்ற பாரசீகச் சொல்லே இது என்பர். நம் கடற்கரையின் 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுப் பெயரையும் அச்சொல்லிலிருந்தே பிறந்ததாக அறிஞர் பலர் கொள்கின்றனர். தொண்டிக்கு அருகிலுள்ள தீர்த்தாண்டதானத்தின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் மணிக்கிராமத்தோடு அஞ்சுவண்ணமும் இடம்பெறுகிறது. செட்டிநாட்டின் துறைமுகக் கரைவரை வந்து சேர்ந்த சொல் அது. கி.பி. 849இல் எழுதப்பட்ட கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலோ, ஒரு கிறித்தவப் பள்ளிக்கு அளித்த கொடைக்கு முஸ்லிம்கள் கூஃபி அரபியிலும், யூதர்கள் ஹீப்ரு எழுத்திலும் சாட்சிக் கையொப்பமிட்டுள்ளனர். பஹ்லவியில் ஒப்பமிட்டவர்களில் ஜரதுஷ்டிரரும் இருந்தனர். மும்பையின் கன்ஹேரிப் பௌத்தக் குகைகளுக்கு வந்துசென்ற பார்சிகள் 1009இலும் 1021இலும் தம் பெயர்களைப் பஹ்லவியில் பொறித்தனர். குகை அப்போது அவர்களுக்குச் சுற்றிப் பார்க்கும் இடமாகவே இருந்தது. ஒளிந்து வாழும் இடமாக ஆகியிருக்கவில்லை.

பஹ்ரோட்டிலிருந்து நெருப்பு வான்ஸ்தா சென்றது. அங்குப் பதினான்கு ஆண்டுகள் இருந்தபின் சாங்கா ஆசா என்ற செல்வர் அதை நவ்சாரிக்கு வரவழைத்தார். அந்நகரின் மெஹர்ஜி ராணா என்ற குருவை அக்பர் அவைக்கு அழைத்துச் சிறப்பித்து நிலமும் அளித்தார். பஹ்மன் கைகோபாத் தம் காவியத்தைப் பாடியது அக்பரின் ஆட்சியிலேயே. முஸ்லிம் படையிடம் தம் முன்னோர் பட்ட தோல்வியை, முகலாய அரசவையின் மொழியிலேயே அவர் அச்சமின்றி எழுத முடிந்தது. 18ஆம் நூற்றாண்டின் கலகங்களால் நெருப்பு சூரத்துக்கும் வல்சாடுக்கும் அலைந்து, 1742இல் உத்வாடா சேர்ந்தது. இன்றும் அங்கே எரிகிறது. பஹ்ரோட்டில் நிலையான நெருப்பு இல்லை. மலையேறி வரும் பார்சிகள் வெறுங்குகையில் வணங்கித் திரும்புகின்றனர்.