பிஜி: ஆட்சிக்கவிழ்ப்புகளும் மக்களாட்சியின் மீட்சியும்

தென் பசிபிக் பெருங்கடலில் முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு பிஜி. 1970 அக்டோபர் 10 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற இந்நாட்டில், 1987 மே, 1987 செப்டம்பர், 2000 மே, 2006 டிசம்பர் என நான்கு முறை ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 2000இல் ஆட்சியைக் கவிழ்த்தது ஓர் ஆயுதக் குழு. மற்ற மூன்று முறையும் இராணுவமே நேரடியாகக் கவிழ்த்தது. 1970, 1990, 1997, 2013 என நான்கு அரசமைப்புச் சட்டங்களைக் கண்ட நாடு இது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்கள் இங்கு வாழ்வதால், பிஜியின் அரசியல் வரலாறு புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றோடும் பின்னிப் பிணைந்தது.

பின்புலம்

பூர்விக பிஜியரைத் தோட்ட வேலைக்கு இழுப்பதில்லை என்று காலனி அரசு முடிவு செய்ததால், கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். முதல் கப்பல் 1879 மே 14 அன்று கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்தது. 1903 முதல் சென்னை வழியாகவும் ஆள் சேர்ப்பு நடந்தது. வட ஆற்காடு உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து தமிழரும், அவர்களோடு தெலுங்கரும் மலையாளிகளும் சென்றனர். 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் இவ்வாறு கொண்டு செல்லப்பட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தை அவர்கள் ‘கிர்மிட்’ என்றனர். அத்தோட்டங்களில் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாடலில் பதிவு செய்தார். 1920இல் இம்முறை முற்றிலும் ஒழிக்கப்பட்டது.

ஒப்பந்தம் முடிந்தும் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. குத்தகை நிலத்தில் கரும்பு பயிரிட்டனர். நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பூர்விகக் குடிகளின் பொதுச் சொத்து. அதை விற்கச் சட்டம் இடம் தராது. எனவே தலைமுறை தலைமுறையாக உழுதவர்களும் குத்தகைதாரர்களாகவே இருந்தனர். ‘நிலம் பறிபோய்விடும்’ என்ற அச்சம் ஒரு தரப்பிலும், ‘குத்தகை நீட்டிக்கப்படாது’ என்ற அச்சம் மறுதரப்பிலும் வளர்ந்தன. பிற்கால அரசியல் முழுவதும் இந்த இரு அச்சங்களின் மேல்தான் நடந்தது.

முதல் அரசமைப்பும் 1987 நிகழ்வுகளும்

1970 அரசமைப்பு 52 இடங்கள் கொண்ட கீழவையை இன அடிப்படையில் பங்கிட்டது: பூர்விக பிஜியருக்கு 22, இந்தியருக்கு 22, பிறருக்கு 8. விடுதலைக்குப் பின் பதினேழு ஆண்டுகள் காமிசேசே மாரா பிரதமராக இருந்தார். 1987 ஏப்ரல் தேர்தலில் தொழிற்கட்சியும் தேசியக் கூட்டாட்சிக் கட்சியும் இணைந்து 28 இடங்களில் வென்றன. பிரதமரான திமோதி பவாத்ரா பூர்விக பிஜியர்தான். ஆனால் அவரது கூட்டணி இந்தியர் வாக்குகளைப் பெரிதும் நம்பியிருந்தது. ‘இது இந்தியர் ஆட்சி’ என்ற பிரசாரம் கிளம்ப அதுவே போதுமானதாயிற்று.

1987 மே 14 காலை, லெப்டினன்ட் கர்னல் சிட்டிவேனி ரம்புகா முகமூடி அணிந்த படைவீரர்களுடன் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையும் ஆளுங்கட்சி உறுப்பினர்களையும் சிறைபிடித்தார். முதல் கிர்மிட் கப்பல் வந்து அன்றோடு 108 ஆண்டுகள் நிறைந்திருந்தன. சமரச அரசு ஒன்று அமையும் வாய்ப்புத் தெரிந்ததும், செப்டம்பர் 25 அன்று ரம்புகா மீண்டும் அதிகாரத்தைக் கைப்பற்றினார். அக்டோபரில் பிஜி குடியரசாக அறிவிக்கப்பட்டது. காமன்வெல்த் உறுப்புரிமை போனது.

1990 முதல் 1999 வரை

1990 அரசமைப்பு 70 இடங்களில் 37ஐப் பூர்விக பிஜியருக்கும் 27ஐ இந்தியருக்கும் ஒதுக்கியது. பிரதமர் பதவி பூர்விக பிஜியருக்கு மட்டுமே உரியது என்றும் வரையறுத்தது. 1992 தேர்தலில் ரம்புகா பிரதமரானார். ஆனால் படித்தவர்களும் தொழில் தெரிந்தவர்களும் நாட்டைவிட்டு வெளியேறியதால் பொருளாதாரம் தளர்ந்தது. அரசமைப்பை மறுபரிசீலனை செய்ய நியூசிலாந்தின் பால் ரீவ்ஸ் தலைமையில், தொமாசி வகத்தோரா, வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் ஆகியோரைக் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது.

அதன் பரிந்துரைகளை ஒட்டி ரம்புகாவும் எதிர்க்கட்சித் தலைவர் ஜெய்ராம் ரெட்டியும் பேசி உருவாக்கியதே 1997 அரசமைப்பு. 71 இடங்களில் 25 எல்லா இனத்தாருக்கும் பொதுவாயின; பிரதமர் பதவிக்கான இனத்தடை நீங்கியது. அதே ஆண்டு பிஜி காமன்வெல்த்துக்குத் திரும்பியது. 1999 மே தேர்தலில் தொழிற்கட்சி 37 இடங்களில் வென்றது. மகேந்திர சௌத்ரி நாட்டின் முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். சமரசத்தை உருவாக்கிய ரம்புகா, ரெட்டி இருவரின் கட்சிகளுமே அத்தேர்தலில் படுதோல்வி அடைந்தன.

2000: பணயக் கைதிகளும் நீதிமன்றத் தீர்ப்பும்

சௌத்ரி பதவியேற்று சரியாக ஓராண்டு நிறைந்த 2000 மே 19 அன்று, வணிகரான ஜார்ஜ் ஸ்பைட் சில படைவீரர்களின் துணையோடு நாடாளுமன்றத்தைக் கைப்பற்றினார். பிரதமரும் அமைச்சர்களும் 56 நாட்கள் பணயக் கைதிகளாக இருந்தனர். நாட்டின் உட்பகுதிகளில் இந்திய விவசாயிகளின் வீடுகள் சூறையாடப்பட்டன. பலர் லவுட்டோகா நகரின் கிர்மிட் மையத்தில் தஞ்சம் புகுந்தனர். படைத்தலைவர் பிராங்க் பைனிமராமா அதிகாரத்தைத் தன் கையில் எடுத்து, 1997 அரசமைப்பு நீக்கப்பட்டதாக அறிவித்தார். லைசெனியா கராசே தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது.

வீடிழந்த விவசாயி ஒருவர் தொடுத்த சந்திரிகா பிரசாத் வழக்கில், 1997 அரசமைப்பு இன்னும் நடைமுறையில் உள்ளது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 மார்ச் 1 அன்று தீர்ப்பளித்தது. ஆட்சியைப் பிடித்தவர்கள் அத்தீர்ப்பை ஏற்றுத் தேர்தல் நடத்தினர். சௌத்ரிக்கு மீண்டும் பதவி கிட்டவில்லை, கராசே வென்றார். ஆனாலும் கவிழ்ப்புக்குப் பின் சட்டத்தின் வழியே மக்களாட்சி திரும்பியதற்கு உலகம் சுட்டும் எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று.

2006 முதல் 2013 வரை

2000 கலகக்காரர்களுக்கு மன்னிப்பு வழங்க வழிசெய்யும் மசோதாவைக் கராசே அரசு கொண்டுவந்தபோது பைனிமராமா எதிர்த்தார். மோதல் முற்றி 2006 டிசம்பர் 5 அன்று ஆட்சியைப் பறித்தார். இன அரசியலையும் ஊழலையும் துடைக்கப் போவதாகச் சொன்ன இந்தக் கவிழ்ப்பை இந்தியர்களில் ஒரு பகுதியினர் வரவேற்றனர். ஒருமுறை கவிழ்க்கப்பட்ட சௌத்ரியே இடைக்கால அரசில் நிதியமைச்சராகச் சேர்ந்தார்.

இம்முறை நீதிமன்றத்தின் சொல் எடுபடவில்லை. இடைக்கால அரசு சட்டவிரோதமானது என்று 2009 ஏப்ரல் 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மறுநாளே அரசமைப்பு நீக்கப்பட்டது. நீதிபதிகள் அனைவரும் பதவியிழந்தனர். செய்தி ஊடகங்களுக்குத் தணிக்கை வந்தது. எதிர்த்துப் பேசிய பிரிஜ் லால் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 2021இல் ஆஸ்திரேலியாவில் காலமானார். யாஷ் காய் தலைமையிலான ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டு உருவாக்கிய வரைவை அரசு ஒதுக்கிவிட்டுத் தானே எழுதிய அரசமைப்பை 2013 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தியது.

அது இனவாரி இடங்களை அடியோடு ஒழித்தது; நாடு முழுவதும் ஒரே தொகுதியானது; ‘பிஜியர்’ என்ற பெயர் எல்லாக் குடிமக்களுக்கும் உரியதாயிற்று. அதே ஏடு ஆட்சியைக் கவிழ்த்தவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பளித்தது. நாட்டின் பாதுகாப்புக்கும் மக்களின் நல்வாழ்வுக்குமான ஒட்டுமொத்தப் பொறுப்பை இராணுவத்திடம் ஒப்படைத்தது.

தேர்தல் வழி மாற்றம்

2014 செப்டம்பர் 17 தேர்தலில் பைனிமராமாவின் பிஜி முதன்மைக் கட்சி 50 இடங்களில் 32ஐ வென்றது. பன்னாட்டுப் பார்வையாளர் குழுவை ஆஸ்திரேலியா, இந்தோனேசியாவுடன் இணைந்து இந்தியா வழிநடத்தியது. 2018இல் அக்கட்சி 51 இடங்களில் 27ஐ மட்டுமே பெற்றது. 2022 டிசம்பர் 14 தேர்தலில் 55 இடங்களில் 26 பெற்றுப் பெரும்பான்மையை இழந்தது. எதிர்க்கட்சிகள் மூன்று கூட்டணி அமைத்தன; டிசம்பர் 24 அன்று நாடாளுமன்றம் 28க்கு 27 என்ற வாக்குக் கணக்கில் பிரதமரைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர், 1987இல் முதல் கவிழ்ப்பை நடத்திய அதே ரம்புகா. பைனிமராமா எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்றார். இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றவில்லை.

புதிய அரசு 2023 ஏப்ரலில் கடுமையான ஊடகச் சட்டத்தை நீக்கியது. அடுத்த மாதம், முதல் கப்பலின் வருகையை நினைவுகூரும் கிர்மிட் நாளை ஒட்டி நடந்த நல்லிணக்க நிகழ்வில், 1987இல் இழைத்த தீங்குக்காக ரம்புகா இந்திய வம்சாவளியினரிடம் மன்னிப்புக் கேட்டார். கிர்மிட் நாள் பொது விடுமுறையானது. அரசமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்தில் நான்கில் மூன்று பங்கும், பதிவுபெற்ற வாக்காளரில் நான்கில் மூன்று பங்கும் வேண்டும் என்ற கடும் நிபந்தனையை, 2025இல் உச்ச நீதிமன்றத்தின் கருத்துரை தளர்த்தியது.

இந்திய வம்சாவளியினரும் தமிழரும்

1986 கணக்கெடுப்பில் இந்தியர் 3,48,704 பேர். பூர்விக பிஜியரைவிட அதிகம். 2007இல் அவர்கள் 3,13,801 பேராகக் குறைந்தனர். பூர்விக பிஜியரோ 4,75,739 பேராகப் பெருகியிருந்தனர். வெளியேறியவர்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் குடியேறினர். 1976 நிலக் குத்தகைச் சட்டப்படி நீட்டிக்கப்பட்ட குத்தகைகள் 1997 முதல் காலாவதியானதும் கரும்பு விவசாயிகளை ஊரைவிட்டுக் கிளப்பியது.

சாது குப்புசாமி 1926இல் நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம், இத்தனை ஆட்சி மாற்றங்களுக்கிடையிலும் பள்ளிகளையும் லம்பாசாவில் செவிலியர் கல்லூரியையும் நடத்தி வருகிறது. நந்தி நகரின் சிவசுப்பிரமணியர் கோயில் தென்னிந்தியரின் முதன்மை வழிபாட்டிடம். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி ‘பிஜி இந்தி’ ஆகிவிட்டது.

மதிப்பீடு

தேர்தலில் தோற்ற கட்சி ஆட்சியை விட்டிறங்குவது மக்களாட்சியின் அடிப்படைச் சோதனை. 2022இல் பிஜி அதில் தேறியது. ஆயினும் ‘மக்களின் நல்வாழ்வுக்கு இராணுவமே பொறுப்பு’ என்ற விதி அரசமைப்பில் நீடிக்கிறது. அது இருக்கும்வரை மக்களாட்சியின் மீட்சி முழுமை பெற்றதாகாது.