பனமரத்துப்பட்டிக்கு அப்புறமா பரமத்தி?

சேலம், நாமக்கல் ஊர்ப்பெயர்களைப் பல வருஷமா சேர்த்துட்டு வர்றேன். தேடுவதற்கு ஜாங்கோவில் ஒரு க்வெரி: மாவட்டத்தை வடிகட்டு, பெயர்வாரியாக அடுக்கு, முதல் ஐம்பதை எடு. ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோத்துக்கொண்டே போகலாம். விடை கேட்கும்போதுதான் டேட்டாபேஸுக்கே போகும்.

வடிகட்டுவது சுலபம். நாமக்கல் 1997-இல்தான் தனி மாவட்டம். பழைய ஆவணங்களில் பரமத்தியும் சேலத்துக்குள்ளேதான் இருக்கும். 'அல்லது' போட்டு இரண்டையும் சேர்த்தேன்.

வரிசைதான் மானத்தை வாங்கியது. அச்செடுத்த பட்டியலைப் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, பனமரத்துப்பட்டிக்கு அப்புறமா பரமத்தி? எந்த அகராதிங்க இது?"

யூனிகோட் அகராதிங்க ஐயா! 1988-இன் இஸ்கி அட்டவணை இந்திய எழுத்துகளுக்கெல்லாம் நாகரி வரிசையில் ஒரே சட்டம் போட்டது. அதில் ன-வை ந-வுக்குப் பக்கத்திலும், ற-வை ர-வுக்குப் பக்கத்திலும் உட்காரவைத்தார்கள். 1991-இல் யூனிகோட் அந்த அடுக்கையே எடுத்துக்கொண்டது. நம் நெடுங்கணக்கிலோ ன கடைசி மெய். குறியீட்டு எண்படி அடுக்கினால் அது ர-வை முந்திவிடும்.

முதலில் விடையை வாங்கிப் பைத்தானில் திருப்பி அடுக்கினேன். அசட்டுத்தனம். ஐம்பதை வெட்டியதே தப்பான வரிசையில்; வெளியே விழுந்த ஊர் திரும்பி வராதே! வெட்டுக்கு முன்னாடியே அடுக்கணும். போஸ்ட்கிரெஸில் ஐசியு-வின் தமிழ் வரிசைமுறை இருக்கிறது; ஜாங்கோ 3.2-இல் வந்த 'கொலேட்' வழியாக அதை ஆர்டர்-பை கண்ணியிலேயே மாட்டினேன்.

பரமத்தி, பள்ளிபாளையம், பனமரத்துப்பட்டி. ஐயாவுக்குப் புது அச்சு போயிருக்கிறது.