விவாகரத்துத் தீர்ப்பாணையைத் தேடுவோர் அறிந்திருக்க வேண்டியவை

சீதனக் காணியை விற்க வரும் பெண்ணிடம் நொத்தாரிசு கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “கணவரின் சம்மதம் எங்கே?” என்பதாகும். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தனது அசையாச் சொத்தைக் கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. விவாகரத்தாகிப் பல வருடங்கள் கடந்திருந்தாலும், அதை நிரூபிக்கும் தாள் கையில் இல்லாவிட்டால் அந்தப் பெண் சட்டத்தின் பார்வையில் இன்னும் மனைவிதான். மறுமணப் பதிவிலும், வெளிநாட்டு விசா விண்ணப்பத்திலும், கணவர் இறந்தபின் எழும் சொத்துப் பிணக்கிலும் அதே தாளைத்தான் கேட்பார்கள்.

இடம்பெயர்வில் எல்லாவற்றையும் இழந்த பெண்கள் பலருடன் நான் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகங்களுக்குச் சென்றிருக்கிறேன். அலைச்சலுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களையே கண்டேன். ஒன்று, வழக்கு நடக்காத நீதிமன்றத்தில் தேடுவது. மற்றையது, கையிலுள்ள தாள் எது என்று தெரியாமல் இருப்பது.

எந்த நீதிமன்றம்?

பொதுச் சட்டத்தின் கீழ் பதிவான திருமணத்தை மாவட்ட நீதிமன்றமே கலைக்கிறது. திருமணம் எங்கே நடந்தது என்பதை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 597ஆம் பிரிவின்படி, வழக்கிடும் கணவனோ மனைவியோ வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்யலாம். ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: வழக்குப் போட்டவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்?

போர்க்காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல. முல்லைத்தீவில் திருமணம் முடித்தவர் வவுனியாவில் இடம்பெயர்ந்து இருந்தபோது வழக்குப் போட்டிருக்கலாம். கிளிநொச்சியைச் சேர்ந்தவர் கொழும்பில் தங்கியிருந்தபோது போட்டிருக்கலாம். மாவட்டங்களும் மாறின. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முந்திய வழக்குகளை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ தேட வேண்டியிருக்கலாம். யாழ். குடாநாட்டிலும் தீவகத்திலும் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என நீதிமன்றங்கள் பல உள்ளன. “யாழ்ப்பாணக் கோட்டில் நடந்தது” என்று அம்மா சொன்னால், அது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

முஸ்லிம்களின் விவாகரத்து 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றத்தில் நடப்பது. மாவட்ட நீதிமன்றத்தில் அதைத் தேடிப் பயனில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள், பின்னர் குடியேறிய புத்தளம் போன்ற இடங்களின் காதி நீதிமன்றங்களிலும் விசாரிக்க வேண்டும்.

வழக்கிலக்கம் தெரியாவிட்டால்

வழக்கிலக்கம் இருந்தால் வேலை பாதி முடிந்தது. இலக்கத்தோடு வரும் எழுத்துக்களையும் சாய்கோடுகளையும் விட்டுவிடாமல் அப்படியே எழுதுங்கள். இலக்கம் இல்லையென்றால் நீதிமன்றப் பதிவேடுகளை வருடம் வருடமாகப் புரட்டித்தான் தேட வேண்டும். அதற்கு வழக்காளி, எதிராளி இருவரின் முழுப்பெயர்களும் தோராயமான வருடமும் தேவை. பெயர் எழுதப்பட்ட விதம் மாறியிருக்கலாம் என்பதால் தந்தையின் பெயர், முதலெழுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டில் தேட வேண்டியவை: அழைப்பாணை, சட்டத்தரணியின் கடிதம், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, தாபரிப்பு வழக்கின் கட்டளை. இவற்றில் ஏதாவது ஒன்றில் வழக்கிலக்கம் இருக்கக்கூடும். அன்று தோன்றிய சட்டத்தரணி உயிரோடு இல்லாவிட்டாலும் அவரது அலுவலகக் கோவைகள் கனிஷ்ட சட்டத்தரணியிடமோ குடும்பத்தினரிடமோ இருக்கலாம். விவாகச் சான்றிதழ் தொலைந்திருந்தால் முதலில் அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்துவிடுங்கள். அங்கு பதிவேடு அழிந்திருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் கேளுங்கள்.

கையில் இருப்பது எந்தத் தாள்?

விவாகரத்து வழக்கில் நீதிமன்றம் முதலில் வழங்குவது இடைக்காலத் தீர்ப்பாணை. ஆகக் குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது அறுதித் தீர்ப்பாணையாக்கப்படும். திருமணம் முடிவுக்கு வருவது இந்த இரண்டாவது தாளோடுதான். பலர் முதல் தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அதன்பின் பாதை மூடியது, ஷெல் விழுந்தது, இடம்பெயர்வு வந்தது. இடைக்காலத் தீர்ப்பாணையை மட்டும் நம்பி மறுமணம் செய்தால் அந்த மறுமணம் செல்லாது என்பதோடு, குற்றவியல் வழக்குக்கும் இடமுண்டு. பிரதி கேட்கும்போது “அறுதித் தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதி” என்றே எழுதிக் கேளுங்கள். வழக்கேட்டில் அது இல்லையென்றால் வழக்கு எந்த நிலையில் நின்றது என்று பார்த்து, சட்டத்தரணி மூலம் அதைத் தொடர வேண்டும்.

விண்ணப்பம்

விண்ணப்பத்தை நீதிமன்றப் பதிவாளருக்கு எழுத வேண்டும். வழக்கிலக்கம், தரப்பினரின் பெயர்கள், தேவையான ஆவணம், பிரதிகளின் எண்ணிக்கை, என்ன தேவைக்கு என்பன அதில் இருக்க வேண்டும். அடையாள அட்டையைக் கொண்டு செல்லுங்கள். உரிய கட்டணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டையும் மீண்டும் வர வேண்டிய திகதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கின் தரப்பினர் அல்லாத பிள்ளையோ சகோதரரோ கேட்பதானால் சட்டத்தரணி ஊடாகப் பிரேரணை தாக்கல் செய்வதே நல்லது. வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து அனுப்பலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வெளிநாட்டுத் தேவைக்கென்றால் இன்னும் இரண்டு படிகள் உண்டு. தமிழிலுள்ள தீர்ப்பாணையைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து, பின்னர் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். அப்பிரிவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது.

“வழக்கேடு இல்லை” என்று சொன்னால்

அந்தப் பதிலை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்து அடுத்த அலுவலகத்தில் எதுவும் செய்ய முடியாது. மேன்முறையீடு நடந்திருந்தால் வழக்கேடு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும் என்பதால் அங்கும் விசாரியுங்கள். எரிந்தோ அழிந்தோ போயிருந்தால், உங்களிடமும் மறுதரப்பிடமும் சட்டத்தரணிகளிடமும் மிஞ்சியுள்ள பிரதிகளைக் கொண்டு வழக்கேட்டை மீளமைக்குமாறு நீதிமன்றத்தைக் கோர வேண்டியிருக்கும். பழைய போட்டோப் பிரதி ஒன்றையும் வீசிவிடாதீர்கள்.

காணி அலுவல் மட்டும் அவசரமென்றால் இன்னொரு வழியும் உண்டு. கணவர் கைவிட்டுச் சென்றிருந்தால், அல்லது அவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றமே அனுமதி வழங்கலாம். மேலே சொன்ன 1911ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடமளிக்கிறது.

போர்க்காலத் தாள்கள்

சொல்லக் கடினமான விடயம் இது. விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் இயங்கிய நீதிமன்றங்களில் விவாகரத்துப் பெற்ற குடும்பங்கள் வன்னியில் இருக்கின்றன. அன்று இருதரப்பும் அந்தத் தீர்ப்பை ஏற்று நடந்தார்கள். சிலர் மறுமணமும் செய்து பிள்ளைகளையும் வளர்த்துவிட்டார்கள். ஆனால் தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பினால் மட்டுமே திருமணத்தைக் கலைக்கலாம் என்பது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அரச பதிவேடுகளில் அந்த முதல் திருமணம் இன்னும் நிற்கிறது. இப்படிப்பட்டவர்கள் பழைய வழக்கேட்டைத் தேடிக் காலத்தைக் கழிக்காமல், மாவட்ட நீதிமன்றத்தில் புதிதாக வழக்கிடுவது பற்றிச் சட்டத்தரணியிடம் பேசுவதே சரியான வழி.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் துணைவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கொண்டுவந்த காணக்கிடைக்காமைச் சான்றிதழ் சில அலுவல்களுக்கு உதவும். ஆனால் அது மரணச் சான்றிதழும் அல்ல, விவாகரத்தும் அல்ல. அதைப் பெறுவதால் தேடும் உரிமையை ஒருவர் விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது.

பிரதி கிடைக்கும் நாளில் ஒன்றோடு நிற்காமல் இரண்டு மூன்று உறுதிப்படுத்திய பிரதிகளாக எடுத்துவிடுங்கள். கைபேசியில் படமெடுத்து வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினருக்கு அனுப்பி வையுங்கள். வழக்கிலக்கத்தையும் நீதிமன்றத்தின் பெயரையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.