மிகைச்செயல் சிறுநீர்ப்பை: பெண்களுக்கான மருந்துச் சிகிச்சையின் வரலாறு

மிகைச்செயல் சிறுநீர்ப்பை என்பது, அடக்க முடியாத அவசரத்துடன் திடீரெனச் சிறுநீர் முட்டுவதையும், அதனோடு பகலில் அடிக்கடி கழிக்க நேர்வதையும், இரவில் தூக்கம் கலைந்து எழுவதையும், சிலருக்குக் கழிப்பறையை அடையுமுன்பே கசிந்துவிடுவதையும் ஒருசேரக் குறிக்கும். பன்னாட்டுச் சிறுநீரடக்கச் சங்கம் 2002இல் வெளியிட்ட வரையறை, அவசர உணர்வையே இதன் மைய அறிகுறியாகக் கொண்டது. இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் சிறுநீர் கசிவது வேறு கோளாறு. இங்குக் கூறப்படும் மருந்துகள் அதற்குரியவை அல்ல.

சிறுநீர்ப்பைச் சுவரிலுள்ள டெட்ரூசர் என்னும் தசை, நரம்பு முனைகளில் வெளிப்படும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டும்போது சுருங்குகிறது என்பதால், அவ்வேற்பிகளை அடைக்கும் மருந்துகளே முதலில் கையாளப்பட்டன. அவற்றுள் ஆக்சிபியூட்டினின் 1975இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, நெடுங்காலம் முதன்மை மருந்தாக விளங்கியது. ஆனால் அதே வகை ஏற்பிகள் உமிழ்நீர்ச் சுரப்பி, குடல், கண், மூளை ஆகியவற்றிலும் இருப்பதால், வாய் வறட்சியும் மலச்சிக்கலும் தாளாமல் பெண்கள் பலர் மாத்திரையை இடையிலேயே நிறுத்தினர். இத்துறையின் பிற்கால வரலாற்றில் பெரும்பகுதி இவ்வறட்சியைக் குறைக்க நடந்த முயற்சியே எனலாம்.

விழுங்கிய ஆக்சிபியூட்டினினைக் குடற்சுவரும் கல்லீரலும் வேறொரு பொருளாகச் சிதைக்கின்றன. வாயை உலர்த்துவதில் பெரும்பங்கு அச்சிதைபொருளுக்கு உண்டு. எனவே, மருந்து தோல் வழியாக நேரே குருதியில் கலக்குமாறு, வயிற்றிலோ இடுப்பிலோ வாரத்துக்கு இருமுறை மாற்றி ஒட்டும் பட்டை 2003இல் வந்தது. 2013இல் அமெரிக்காவில் பெண்கள் மட்டும் அதனை மருத்துவர் சீட்டின்றி வாங்க அனுமதி கிடைத்தது. இதற்கிடையே டோல்டெரோடின் 1998இலும், சோலிபெனசின், டாரிபெனசின், டிராஸ்பியம் ஆகியவை 2004இலும் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றன.

ஏற்பியை அடைப்பதை விடுத்துத் தசையைத் தளர்த்தும் பீட்டா-3 ஏற்பியைத் தூண்டும் மிராபெக்ரான், 2011இல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் ஏற்கப்பட்டமை இவ்வரலாற்றின் உண்மையான திருப்பமாகும். வாய் வறட்சி இதில் மிகக் குறைவு. ஆயினும் இது குருதியழுத்தத்தை உயர்த்தக்கூடுமாதலால், கட்டுக்கடங்காத மிகை அழுத்தம் உள்ளோருக்குத் தரப்படுவதில்லை. இதே வகையைச் சேர்ந்த விபெக்ரான் 2018இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. மாத்திரைகள் பலனளிக்காதவர்களுக்கு, போட்டுலினம் நச்சைச் சிறுநீர்ப்பைத் தசையில் பல இடங்களில் ஊசிவழிச் செலுத்தும் முறை 2013இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அதன் பின் சிலருக்குச் சிறுநீர் தேங்கி, குழாய் வைத்து வெளியேற்ற நேர்வதுண்டு.

மஸ்கரினிக் அடைப்பான்களை நீண்டகாலம் உட்கொண்ட முதியோரிடம் மறதிநோய் கூடுதலாகக் காணப்பட்டதென 2015 முதல் ஆய்வுகள் தெரிவித்தன. அம்மருந்துகளே காரணம் என்பது உறுதிப்படவில்லை எனினும், வயது முதிர்ந்த பெண்களுக்கு அவற்றை எழுதுமுன் மருத்துவர் தயங்குவது முறையே. மாதவிடாய் நின்றபின் இவ்வறிகுறிகள் தோன்றும் பெண்களுக்கு, யோனியில் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு அவசர உணர்வைத் தணிக்க உதவுகிறது. இம்மருந்துகள் எவையும் கோளாறை வேரோடு நீக்குவதில்லை. நிறுத்தினால் அறிகுறிகள் பெரும்பாலும் திரும்புகின்றன.