பாலர் பள்ளியைத் தேரும் முறை: திண்ணை முதல் இந்நாள் வரை



ஆண்டுதோறும் பள்ளிச் சேர்க்கைக் காலம் அணுகுங்கால், இளங்குழவியைக் கையிற் பிடித்துக்கொண்டு, எந்தத் தனியார் பள்ளியிற் சேர்ப்பதென்று நம்மவர் மயங்கி நிற்றலைக் காண்கின்றோம். பொருள் கொடுத்துப் பாலர்களைப் படிக்கவைக்கும் வழக்கம் இக்காலத்தே புகுந்ததென்று முதியோர் சிலர் வருந்துவர். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. தனியார் பள்ளி நம் நாட்டிற்குப் புதிதன்று. அதனைத் தேரும் முறையே மாறிற்று. அம்மாற்றத்தை ஈண்டு ஆராய்வாம்.

தமிழ்நாடேயன்றி ஆந்திர, கன்னட, மலையாளப் பகுதிகளும் அடங்கியிருந்த சென்னை மாகாணத்தின் கவர்னர் சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டிற் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் எழுதிய குறிப்பின்படி பள்ளிகள் 12,498, மாணாக்கர் 1,88,650. ஏறக்குறைய ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி. இவற்றுட் பெரும்பாலானவை சர்க்கார் பொருளால் நடந்தவையல்ல. பெற்றோர் மாதந்தோறும் கொடுத்த நாலணா முதல் எட்டணா வரையுள்ள சம்பளத்தால் நடந்தவை. உபாத்தியாயருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்குமேற் கிடைப்பதில்லை என்றும், தக்கோரை அத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாதென்றும் மன்றோ எழுதினார். இக்குறை இன்றும் முற்றும் நீங்கிற்றில்லை என்பதை நம்மவர் நினைக்க.

திண்ணைப் பள்ளியிற் பாலர் மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின் ஓலையில் எழுதினர். எண்சுவடியை ஒருமித்த குரலில் ஓதினர். அத்திண்ணையோ தெருவை நோக்கியது. சந்தைக்குச் செல்லும் தந்தை தன் மகன் குரலை வழியிலேயே கேட்டறிவான். உபாத்தியாயரின் புலமையும் பொறுமையும் சினமும் ஊரறிந்தவை. ஆதலின் அந்நாளோர் கட்டிடத்தையும் பெயர்ப்பலகையையும் பாராது ஆசிரியரையே தேர்ந்தனர்.

ஆயினும் அதனைப் பொற்காலமெனப் போற்றுதல் தகாது. மேற்கண்ட மாணாக்கருட் பெண்மக்கள் 4,540 பேரே. தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாயிற்று. பாலரைக் கயிற்றிலே தொங்கவிடும் கோதண்டமென்னும் தண்டனையும் அங்கேதான் இருந்தது.

1854ஆம் ஆண்டின் உட் துரை அறிக்கைக்குப் பின், தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் உதவித்தொகையும் மேற்பார்வையும் வந்தன. விருதுபட்டி என வழங்கிய விருதுநகரிலே நாடார் பெருமக்கள் 1880களில் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வணிகர் சரக்கின்மேல் மகமை வைத்தனர். தாய்மார் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்துப் பள்ளிக்கென வைத்தனர். பிற குலத்துச் சிறாரும் அங்கே பயின்றனர். பின்னாளிற் சென்னை இராஜ்யத்தின் முதலமைச்சரான காமராஜர் அப்பள்ளியின் மாணாக்கரே. பிடி அரிசி கொடுத்த தாய் அப்பள்ளியைத் தன்னதென எண்ணினாள். உள்ளே சென்று கேட்கும் உரிமை அவளுக்கிருந்தது. பொருளினும் பெரிது அவ்வுரிமையே என்க.

அவ்வுரிமை தளர்ந்தவிடத்து நேர்வது யாதென்பதற்குக் கும்பகோணம் சாட்சி. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அங்கே ஒரு தனியார் பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த நெருப்புக் கூரைக்கீற்றிற் பற்றி 94 பாலர்களைக் கொண்டது. ஒரே கட்டிடத்திற் பல பள்ளிகள், குறுகிய படிக்கட்டு. பெற்றோரை நாம் குறைகூறவில்லை. பணங்கட்டும் சாளரத்தோடு அவரை நிறுத்தி உள்ளே காணவிடாத வழக்கமே குற்றமுடையது.

2009ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம், பள்ளியிற் சேர்ப்பதற்குக் குழந்தையையோ பெற்றோரையோ பரீட்சித்தலைத் தடுக்கிறது. கட்டணத்திற்குமேல் நன்கொடை கேட்டலையும், உடலை வருத்தும் தண்டனையையும் விலக்குகிறது. தொடக்க வகுப்புகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது அதன் அளவு. சிறுபான்மையோர் பள்ளிகள் நீங்கலாக, ஏனைய தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பிடங்களிற் கால்பங்கை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கவேண்டுமென்றும் விதிக்கிறது.

ஆகவே, பள்ளி தேரும் பெற்றோர் வகுப்பு நடக்கும் நாளில் நேரிற் செல்க. ஆசிரியர் எத்துணை ஆண்டாக அங்கிருக்கின்றார், பிள்ளை அஞ்சாது வினவுகிறதா, வெளியேறும் வழி எத்தனை, தாய்மொழியிற் பேசினால் தண்டமுண்டா என ஆராய்க. காணவிடாத பள்ளியில் விடாதிருப்பதே நலம். முன்னோர் திண்ணையில் கண்டதை நாம் மதிலுக்குள் சென்று காணல் வேண்டும். பிள்ளையைப் பரீட்சிக்கப் பள்ளிக்கு உரிமையில்லை. பள்ளியைப் பரீட்சிக்கப் பெற்றோருக்குக் கடமையுண்டு. நம்மவர் அக்கடமையை மறவாதிருப்பாராக.