பார்வையற்றோர் கையில் வளர்ந்த மருத்துவம்: ஜப்பானில் அன்மா, மசாஜ், ஷியாட்சு

ஜப்பானில் உடல் பிடித்துவிடுவதைத் தொழிலாகச் செய்ய அரசு உரிமம் வேண்டும். அந்த உரிமத்தின் பெயரிலேயே மூன்று முறைகள் அடுத்தடுத்து நிற்கின்றன: அன்மா, மசாஜ், ஷியாட்சு. முதலாவது சீனாவிலிருந்து வந்தது. இரண்டாவது ஐரோப்பாவிலிருந்து வந்தது. மூன்றாவது இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானிலேயே உருவெடுத்தது. இவை ஒரே உரிமத்துக்குள் வந்து சேர்ந்த கதையை நுட்பங்களின் வளர்ச்சியாக மட்டும் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஆதாரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், நுட்பத்தைவிட அதைப் பிழைப்பாகக் கொண்ட மனிதர்களே இந்த வரலாற்றை நடத்தியிருக்கிறார்கள் என்பது புலப்படுகிறது. அவர்களில் பெரும்பகுதியினர் பார்வையற்றோர். அவர்களுடைய அமைப்பும் போராட்டமும் இல்லாதிருந்தால் அன்மா இன்று மருத்துவச் சட்டத்தில் இடம்பெற்றிருக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் இது பார்வையற்றோர் தொழில் அல்ல. தாங் வம்சச் சீனாவைப் பின்பற்றி எழுதப்பட்டு 757இல் நடைமுறைக்கு வந்த யோரோ சட்டத் தொகுப்பு, அரண்மனை மருத்துவத் துறையில் அன்மா பேராசிரியர் ஒருவர், அன்மா மருத்துவர் இருவர், மாணவர் பத்துப் பேர் என்று பணியிடங்களை வகுத்தது. உடல் பிடித்துவிடுவதோடு, அடிபட்டவர்களுக்கு வைத்தியம் செய்து கட்டுப்போடுவதும் அவர்கள் வேலை. பின்வந்த நூற்றாண்டுகளில் இந்தப் பதவிகள் மறைந்தன. அரசவையை விட்டு வெளியேறிய அன்மா மக்களிடையே கைவழக்கமாக மட்டும் தங்கியது.

அதை மீண்டும் கல்வியாக்கியவர் சுகியாமா வாயிச்சி (1610–1694). சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். அக்காலத்தில் பார்வையற்ற ஆண்களுக்கென்று தோதோசா என்ற சங்கம் இருந்தது. பிவா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டி ஹெய்கே குலத்தின் வீழ்ச்சியைக் கதையாகப் பாடியவர்கள் கட்டிய சங்கம் அது. ஷோகுன் என்னும் ராணுவ ஆட்சியாளர்கள் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஆண்ட எடோ காலத்தில் அரசின் ஆதரவும் அதற்குக் கிடைத்தது. கெங்யோ முதல் சாதோ வரை படிப்படியான பட்டங்கள் உண்டு. பட்டம் ஏறப் பணம் கட்டவேண்டும். இசை வராதவர்களுக்கு வட்டிக்கு விடுவதும் ஒரு வழியாக இருந்தது. இசையும் பணமும் இல்லாதவர்களுக்கு எஞ்சியது அக்குபஞ்சரும் அன்மாவும்தான்.

சுகியாமா எடோவில் ஓர் ஆசானிடம் அக்குபஞ்சர் கற்கப் போய், கை வரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். எனோஷிமா தீவின் குகையில் நோன்பிருந்துவிட்டுத் திரும்பும் வழியில் தடுக்கி விழுந்தார் என்றும், அப்போது சிறு குழல் ஒன்றுக்குள் செருகிக் கிடந்த பைன் ஊசியிலை கையில் தட்டுப்பட்டது என்றும் மரபுக்கதை சொல்கிறது. கதையை விட்டுவிட்டு அவர் பெயரால் வழங்கும் முறையைப் பார்ப்போம். மெல்லிய குழலைத் தோலின்மேல் நிறுத்தி, அதைவிடச் சற்றே நீளமான ஊசியை உள்ளே இடுகிறார்கள். குழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஆட்காட்டி விரலால் மெல்லத் தட்டினால் ஊசி வளையாமல், வலிக்காமல் தோலுக்குள் இறங்கும். கண்ணால் குறிபார்க்கத் தேவையில்லை, விரலே போதும். கண் தெரிந்தவர்கள் பலரும் இன்று உலகெங்கும் இம்முறையைக் கையாளுகிறார்கள்.

ஷோகுன் சுனயோஷிக்கு வைத்தியம் பார்த்துப் பெற்ற செல்வாக்கை சுகியாமா பள்ளிக்காகச் செலவிட்டார். 1682ஐ ஒட்டி எடோவில் பார்வையற்றோருக்கு அக்குபஞ்சரும் அன்மாவும் முறையாகக் கற்பிக்கும் பயிற்சிக்கூடம் நடக்கத் தொடங்கியது. அவர் சீடர் மிஷிமா யாசுஇச்சி அதை நாடெங்கும் பல ஊர்களுக்குக் கொண்டுசென்றார். பாரிஸில் வாலந்தேன் அவுயி பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியது 1780களில். சுகியாமா அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர். பார்வையற்றோர் கல்வியின் உலக வரலாற்றில் இவர் பெயர் இன்னும் உரத்துச் சொல்லப்பட வேண்டும்.

எடோ வீதிகளில் இரவு நேரங்களில் கைத்தடியோடு சிறு குழலை ஊதிக்கொண்டு அன்மாக்காரர்கள் வாடிக்கையாளரைத் தேடி நடந்தார்கள். கண் தெரிந்தவர்களும் இத்தொழிலில் இருந்தார்கள், நூல்களும் எழுதினார்கள். 1827இல் வெளிவந்த ஓத்தா ஷின்சாயின் ‘அன்புகு சுகாய்’ வயிற்றைப் பிடித்துவிடும் முறைகளைப் படங்களோடு விளக்குகிறது. கருவுற்ற பெண்களுக்கான முறைகளும் அதில் உண்டு. பிற்கால ஷியாட்சுவின் வேர்களில் ஒன்றை இந்நூலில் காண்பவர்கள் பலர்.

ஷோகுன் ஆட்சி வீழ்ந்து பேரரசரின் மெய்ஜி ஆட்சி வந்ததும் அடி விழுந்தது. 1871இல் தோதோசா கலைக்கப்பட்டது. 1874இல் வந்த மருத்துவ ஒழுங்குமுறை மேற்கத்திய மருத்துவத்தையே அரசு மருத்துவமாக்கியது. சங்கமும் சலுகையும் ஒரே மூச்சில் போனதால் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு கேள்விக்குறியானது. 1878இல் கியோட்டோவிலும் 1880இல் டோக்கியோவிலும் திறந்த பார்வையற்றோர் பள்ளிகள்தான் பழைய சங்கத்தின் இடத்தை நிரப்பின. டோக்கியோ பள்ளியில் ஆசிரியராக இருந்த ஒகுமுரா சான்சாகு (1864–1912) தாமும் பார்வையற்றவர். உடற்கூறியலையும் உடலியங்கியலையும் படித்து, அவற்றின் அடிப்படையில் பாடநூல் எழுதி, தம் மாணவர்களை மேற்கத்திய மருத்துவத்தின் மொழியிலேயே பேசவைத்தவர் அவர்.

ஐரோப்பிய மசாஜ் உள்ளே வந்ததும் இதே வேளையில்தான். ‘ஸ்வீடிஷ் மசாஜ்’ என்று உலகம் அழைக்கும் முறைக்குப் பெயர்க்காரணம் ஸ்டாக்ஹோமின் பேர் ஹென்ரிக் லிங். ஆனால் லிங் வளர்த்தது பெரும்பாலும் உடற்பயிற்சி. நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று கையசைவுகளை மருத்துவ முறையாக்கியதில் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் மெட்ஸ்கருக்கே பெரும்பங்கு. 1868இல் அவர் எழுதிய ஆய்வேடு கால் சுளுக்குக்குத் தேய்ப்புச் சிகிச்சை பற்றியது. ஐரோப்பா சென்று திரும்பிய ராணுவ மருத்துவர்கள் வழியாக 1880களில் இந்த முறை ஜப்பானை அடைந்தது. மருத்துவமனை அங்கீகாரத்தோடு வந்த இந்த அந்நிய முறையை ஒகுமுரா போன்றோர் எதிர்க்கவில்லை, கற்றுத் தமதாக்கிக்கொண்டார்கள். அன்மாவுக்கு மருத்துவத் தகுதி மீண்டும் கிடைத்ததில் இந்த முடிவுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இரண்டுக்கும் வேறுபாடு கையில் தெரியும். அன்மா துணியின்மேல் செய்வது. உடலின் நடுவிலிருந்து கைகால் நுனியை நோக்கிப் போவது. தோளில் செய்யும்போது இரு உள்ளங்கைகளையும் தளரச் சேர்த்து, சுண்டுவிரல் பக்கம் படும்படி அடிப்பார்கள். விரல்களுக்கிடையே சிக்கிய காற்று வெளியேறும் சத்தம் கேட்கும், வலி இருக்காது. மசாஜ் வெறுந்தோலில் எண்ணெயோ பொடியோ இட்டுச் செய்வது; நுனியிலிருந்து இதயத்தை நோக்கி, சிரை இரத்தமும் நிணநீரும் திரும்பும் திசையில் நீவுவது. ஷியாட்சு கட்டைவிரலாலோ உள்ளங்கையாலோ ஓரிடத்தில் நேராக அழுத்தி, சில வினாடிகள் நிறுத்தி, மெல்ல விடுவது.

1911இல் உள்துறை அமைச்சகம் அன்மாவுக்கும் அக்குபஞ்சருக்கும் தேர்வும் உரிமமும் கொண்டுவந்தது. பார்வையற்றோருக்குத் தேர்வு எளிதாக்கப்பட்டது. உரிமம் இல்லாமல் புதுப் பெயர்களில் கைச்சிகிச்சை செய்வோரும் அப்போதிருந்தே பெருகினார்கள். ஷியாட்சுவும் உரிம வட்டத்துக்கு வெளியே வளர்ந்ததுதான். அதைப் புகழ்பெறச் செய்த நமிகோஷி தோகுஜிரோ (1905–2000) மூட்டுவலியால் துடித்த தாயின் உடலை அழுத்திவிட்டே கற்றவர். 1925இல் ஹொக்கைடோவில் சிகிச்சையகமும் 1940இல் டோக்கியோவில் பயிற்சி நிலையமும் தொடங்கினார். 1954இல் டோக்கியோ வந்த மர்லின் மன்றோவுக்கு அவர் சிகிச்சை அளித்த செய்தி ஷியாட்சுவை உலகறியச் செய்தது.

ஆனால் திருப்புமுனை 1947தான். போரில் வென்று ஜப்பானை ஆண்ட நேச நாட்டுத் தலைமையகம், அறிவியல் அடிப்படையற்றவை என்று கருதி அக்குபஞ்சர், அன்மா போன்றவற்றை ஒழுங்குபடுத்த, தடுக்கவும்கூட, முனைந்தது. பார்வையற்றோர் பள்ளிகளின் ஆசிரியரும் மாணவரும் தொழில் செய்வோரும் நாடெங்கும் கிளர்ந்தார்கள். மனு கொடுத்தார்கள், அமைச்சகத்தை முற்றுகையிடாத குறையாக அலைந்தார்கள். உடலியங்கியல் பேராசிரியர் இஷிகாவா ஹிதெத்சுருமாரு, மியே மாநில ராணுவ நிர்வாகத்தினருக்கு அக்குபஞ்சரைச் செய்முறையாக விளக்கி ஆதரவு திரட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் தடைக்குப் பதில் அங்கீகாரம் தந்தது. 1955 திருத்தம் ஷியாட்சுவை அன்மாவுக்குள் சேர்த்தது. 1964 திருத்தம் மூன்றையும் தனித்தனிப் பெயரோடு ஒரே உரிமத்தில் நிறுத்தியது. கண் தெரிந்தவர்களுக்கான புதிய பயிற்சிப் பள்ளிகளை அரசு மறுக்கலாம் என்ற பத்தொன்பதாம் பிரிவும் அந்த ஆண்டு சேர்ந்ததுதான். அதை எதிர்த்த வழக்கில், 2022 பிப்ரவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று தீர்ப்பளித்தது. இது சரியான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். முந்நூறு ஆண்டுகளாகத் தாங்களே கட்டிய தொழிலில் பார்வையற்றோருக்கு இடம் காத்துத்தருவது சலுகை ஆகாது.

சிகிச்சையின் பயனை மிகைப்படுத்தத் தேவையில்லை. இடுப்புவலிக்கு மசாஜ் பற்றி 25 சோதனைகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, குறுகிய காலத்துக்கு வலி குறைவதைக் காட்டியது. சான்றுகளின் தரம் தாழ்வு என்றும் சொன்னது. தோள் இறுக்கம் தளர்வது, பதற்றம் அடங்குவது போன்ற உடனடி ஆறுதல்கள் உண்மையானவை. பக்கவாதத்துக்குப் பின் செயலிழந்த கைகாலுக்கும் மடங்கி இறுகிய மூட்டுக்கும் மருத்துவர் ஒப்புதலோடு மசாஜ் செய்தால் ஜப்பானியக் காப்பீடு அதற்குப் பணம் தருகிறது. காலில் இரத்தம் உறைந்திருப்பவரையும், எலும்பு முறிந்தவரையும், காய்ச்சலில் இருப்பவரையும் தொடாமல் இருக்கத் தெரியவேண்டும். உரிமத்துக்கான மூன்றாண்டுப் படிப்பில் உடற்கூறியலும் நோயியலும் இருப்பது அதற்காகவே.

1960இல் உச்ச நீதிமன்றம் அளித்த வேறொரு தீர்ப்பு, உடலுக்குத் தீங்கு விளைவிக்கும் அபாயம் இருந்தால்தான் உரிமமில்லாச் சிகிச்சையைத் தண்டிக்கலாம் என்றது. அந்த இடைவெளியில்தான் இன்றைய ரயில் நிலையங்களின் அருகே ‘ரிலாக்சேஷன்’ கடைகள் நிறைந்திருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் உரிமம் பெற்றோரில் பாதிக்கு மேல் பார்வையற்றோர். இப்போது அவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் கீழே. சில பெரிய நிறுவனங்கள் ஊழியர்களின் தோள்வலி தீர்க்கப் பார்வையற்ற மசாஜ் நிபுணர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியிருப்பது புதிய வழி. தனியாகக் கடை வைத்திருப்பவர் நிலை அப்படியல்ல. சட்டத்தின் ஏழாம் பிரிவுப்படி உரிமம் உள்ளவர் தம் விளம்பரத்தில் எந்த நோய்க்குப் பலன் என்று எழுதக்கூடாது. பக்கத்துக் கடையின் உரிமமற்றவரை அந்தப் பிரிவு கட்டுப்படுத்துவதில்லை.